அம்பாசடர், பத்மினி, மொரிஸ் மைனர்: சாவி சுவிட்ச் கோளாறுகள், கேள்வி பதில்

பழைய காரில் சாவியைத் திருப்பியும் வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் சுவிட்சைத்தான் கழற்றி எறிகிறார்கள். ரொம்ப வருஷமாக இந்த வண்டிகளின் ஒயரிங் வேலை பார்க்கிறேன், அப்படிக் கழற்றிய நல்ல சுவிட்சுகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. தயவுசெய்து சோதித்துவிட்டு மாற்றுங்கள்.

சேலம், 1984 அம்பாசடர்: அண்ணா, ஒரு நேரம் செல்ஃப் எடுக்கிறது, ஒரு நேரம் டிக் சத்தம்கூட இல்லை. சாவியை ஆட்டினால் எடுக்கிறது. புது சுவிட்ச் வாங்கிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. சுவிட்சுக்குப் பின்னால் ஒயர் லக் (ஒயர் நுனியில் உள்ள உலோக முனை) தளர்ந்திருந்தாலும் சாவியை ஆட்டும்போது இதே மாதிரிதான் எடுக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சை டேஷ்போர்டிலிருந்து வெளியே எடுத்து ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். அப்புறம் பேட்டரியை மாட்டி டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையை பாடியிலும் மறு முனையை ஒயரிலும் வைக்கும் சோதனை பல்பு) வையுங்கள். பிரிட்டிஷ் கம்பெனியான லூகாஸின் நிற முறைப்படி பிரவுன் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், வெள்ளையில் சாவி ஆன் ஆனதும் வரும், வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டதில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் யாராவது எல்லாவற்றையும் ஒரே சிவப்பு ஒயரில் மாற்றியிருப்பார்கள், அதனால் நிறத்தைவிட லேம்பை நம்புங்கள். பிரவுனில் எரிகிறது, சாவியைக் கடைசிவரை திருப்பியும் செல்ஃப் ஒயரில் எரியவில்லை என்றால்தான் சுவிட்ச் குற்றவாளி. அங்கேயும் எரிகிறதென்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் பெரிய சுவிட்ச்), பேட்டரி, எர்த் (பாடி வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பக்கம் போங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சாவி ஆனில், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) உள்ளே திறந்து மூடும் பாயிண்ட் மூடிய நிலையில், சுவிட்சுக்குள் வரும் ஒயரிலும் வெளியே போகும் ஒயரிலும் ஒவ்வொரு முனையை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது.

திருச்சி: செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தாயிற்று சார்.

கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். சாவி ஸ்பிரிங்கில் திரும்பி வந்து நிற்கும் இடத்தில் கான்டாக்ட் சேரவில்லை, அதனால் காயிலுக்கு (பிளக்கில் பொறி வரவைக்கும் சுருள்) கரண்ட் போவதில்லை. ஃபியூஸ் வைத்த ஒரு ஒயரை பேட்டரியின் கரண்ட் முனையிலிருந்து காயிலின் சுவிட்ச் பக்கத்து முனைக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் நிற்காமல் ஓடினால் கோளாறு அந்த வழியில்தான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும், அதைப் பார்க்காமல் ஒயரை வைக்காதீர்கள். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் (இன்ஜின் ஓடும்போது காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது) இருக்கும், அது அறுந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் சாவி ஆனில் ரெசிஸ்டருக்கு முன்னாலும் பின்னாலும் லேம்ப் வையுங்கள்.

இதில் ஒன்று முக்கியம். அந்த ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். இன்ஜின் நின்றபின்னும் அதை விட்டுவைத்தால், பாயிண்ட் மூடியிருக்கும்போது 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுத்துக்கொண்டே சூடாகிக் கெட்டுப்போகும்.

யாழ்ப்பாணம், மொரிஸ் மைனர்: அண்ணை, ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் தொட முடியாத சூடு. சுவிட்ச் ஷார்ட்டா?

இல்லை, சுவிட்சைத் தொடவே வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன, பாடிக்குப் போகும் எர்த் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் கிடைத்த கம்பி வழியாகப் பாயும். சோக் கேபிள் அப்படித்தான் சுடுகிறது. பட்டையை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

கோவை, பத்மினி: ரிலே போடலாமா?

கட்டாயம் போடுங்கள், சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. சொலினாய்டு இழுக்கும் கரண்ட் முழுவதும் சின்ன சுவிட்ச் வழியாகப் போவதால்தான் கான்டாக்ட் கருகுகிறது. சுவிட்சின் ஸ்டார்ட் ஒயர் ரிலேயில் 86 என்று எண் போட்ட முனைக்கு, 85 எர்த்துக்கு, ஃபியூஸ் வைத்த பேட்டரி ஒயர் 30-க்கு, 87-லிருந்து சொலினாய்டுக்கு. பத்மினி ஃபியட் வழி வந்த வண்டி, லூகாஸ் நிறக்கணக்கு அங்கே செல்லாது. சுவிட்சில் 30 என்று அடித்திருந்தால் பேட்டரி வரவு, 50 என்றால் ஸ்டார்ட்டர்.

மதுரை: சாவி இறுகுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம், எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். கிராஃபைட் பவுடர் போடுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டினால் அதுவும் தேய்ந்த சாவிதான், லாக்கைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் அதில் கோக்காதீர்கள். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததே, ஓடும்போது சுவிட்ச் தானாக நழுவி இன்ஜினும் ஏர்பேக்கும் செயலிழந்ததால்தான். சாவிக்கொத்தின் பாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூர்: சாவியை ஆஃப் செய்தும் இன்ஜின் குலுங்கிக்கொண்டே ஓடுகிறது ஐயா.

அந்த நேரத்தில் காயிலில் லேம்ப் வைத்துப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றுங்கள். எரியாவிட்டால் சுவிட்ச் மேல் தப்பே இல்லை, உள்ளே கரி படிந்து சூட்டில் பெட்ரோல் தானாகப் பற்றுகிறது, ஐடிலிங் வேகத்தையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும். அதுவரை டாப் கியர் போட்டு பிரேக்கை நன்றாக மிதித்து கிளட்சை விடுங்கள், நின்றுவிடும்.