வாசகர் கேள்வி–பதில்: மொன்றியாலுக்கு ஒருவழிச் சீட்டு

கேள்வி: கனடாவின் மொன்றியாலில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு மட்டும் சீட்டு எடுத்தால் போதும் என்று இருந்தோம். ஆனால் சில நிறுவனங்களில் ஒருவழிக் கட்டணம் இருவழிக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கிறது. இருவழிச் சீட்டையே வாங்கி, திரும்பும் பாதியை விட்டுவிடலாம் என்கிறார் பயண முகவர். பாரிஸ் வரை ஒரு சீட்டும் அங்கிருந்து மலிவான இன்னொரு சீட்டும் எடுக்கலாம் என்கிறார் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: மகளுக்கு எங்கள் வாழ்த்துகள். நீங்கள் பார்த்த விலையில் பிழை எதுவும் இல்லை. விடுமுறைக்குப் போகிறவர் நாள் குறித்துத் திரும்பி வருவார், அலுவல் காரணமாகப் போகிறவர் எந்த விலையானாலும் கொடுப்பார் என்ற கணக்கில், பழைய பெரிய நிறுவனங்கள் ஒருவழிச் சீட்டை நெடுங்காலமாக விலை உயர்த்தியே விற்று வந்தன. அந்த வழக்கம் அட்லாண்டிக் தடங்களில் இப்போது தளர்ந்திருந்தாலும் முற்றிலும் போய்விடவில்லை. ஏர் டிரான்ஸாட், பிரெஞ்சு பீ, நோர்ஸ் அட்லாண்டிக் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே விலை வைக்கின்றன. உங்கள் தம்பி சொல்லும் மலிவான சீட்டு பெரும்பாலும் இத்தகைய நிறுவனத்துடையதாகவே இருக்கும்.

முகவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். இருவழிச் சீட்டின் பகுதிகளை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி முழுவதும் ரத்தாகிவிடும். கடைசிப் பகுதியை விட்டுவிடுபவரிடம் கட்டண வித்தியாசத்தைக் கேட்கும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. எப்படியும் அடுத்த கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வரத்தானே போகிறாள்? இருவழி விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால், ஓராண்டு வரை செல்லுபடியாகும், தேதி மாற்ற அனுமதிக்கும் சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். திரும்பும் பாதி அவளுக்கு அப்போது பயன்படும். மிக மலிவான வகைச் சீட்டுகளில் தேதியை மாற்ற முடியாது என்பதை வாங்குமுன் கவனியுங்கள்.

தம்பி சொல்லும் வழியில் இறங்குமுன், மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து மொன்றியால் வரை ஒரே சீட்டாகக் கிடைக்கும் விலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் வழியாக ஏர் பிரான்ஸ், துபாய் வழியாக எமிரேட்ஸ், இஸ்தான்புல் வழியாக டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் ஆகிய மூன்றையும் அவசியம் பாருங்கள். மாணவிக்கு வேண்டிய 23 கிலோப் பெட்டிகள் இரண்டையும் சேர்த்த பிறகு வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். திரையில் முதலில் தெரியும் மலிவு விலை பெரும்பாலும் கைப்பைக்கு மட்டுமானது. பெட்டிகளுக்கும் இருக்கைக்கும் தனித்தனியே பணம் கட்டி முடிக்கும்போது, இரண்டு சீட்டுகளின் கூட்டுத்தொகை ஒற்றைச் சீட்டின் விலையைத் தொட்டுவிடுவதும் உண்டு.

எனக்குப் பெரிய கவலை பணத்தைப் பற்றியது அல்ல. இரண்டு தனிச் சீட்டுகளுக்கு இடையில் எந்தப் பொறுப்பும் யாருக்கும் இல்லை. பிளேசான்ஸிலிருந்து புறப்படும் ஏர் மொரீஷியஸ் விமானம் தாமதமாகி, பாரிஸிலிருந்து கிளம்பும் விமானத்தை அவள் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் அவளை வராத பயணியாகவே கருதும். 600 யூரோ வரை இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறையும் இந்த இடத்தில் உதவாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால்தான் அது பொருந்தும். பிரெஞ்சு நிறுவனமான கோர்சேரில் போனால் அந்த இழப்பீட்டைக் கேட்கலாம், ஆனால் தவறிய இரண்டாவது விமானம் அதனால் திரும்பக் கிடைக்காது. மேலும் கோர்சேர் இறங்குவது பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில். அடுத்த விமானம் சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து என்றால், பாரிஸ் நகரின் மறுபக்கத்துக்கு இரண்டு பெட்டிகளோடு போக வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இரட்டைச் சீட்டு கணிசமாக மலிவாக இருந்தால், பாரிஸில் ஓர் இரவு தங்கும்படி தேதிகளை அமையுங்கள். அறை வாடகையையும் கணக்கில் சேருங்கள். மொரீஷியஸ் கடவுச்சீட்டு உள்ளவர் பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்பதால் அவள் வெளியே வந்து பெட்டிகளை எடுத்துக்கொள்ள முடியும். 2025 அக்டோபரில் தொடங்கிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் படமும் எடுப்பதால், அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். பிளேசான்ஸில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எந்த மூன்று எழுத்துகள் இருக்கின்றன என்று அவள் அங்கேயே படிக்க வேண்டும்: ஒய்.யூ.எல். என்றால் பெட்டி மொன்றியால் வரை போகும், சி.டி.ஜி. என்றால் பாரிஸில் இறங்கிவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பாவில் விடுமுறை முடித்த வட அமெரிக்கர்கள் ஊர் திரும்புவதால் மேற்கு நோக்கிய விலை ஏறியே இருக்கும். செவ்வாய், புதன் கிழமைகளைத் தேடுங்கள். கியூபெக் அரசின் ஏற்புச் சான்றிதழும் கனடாவின் படிப்பு அனுமதியும் கைக்கு வருமுன், பணம் திரும்பக் கிடைக்காத சீட்டை வாங்கவே வாங்காதீர்கள். படிப்பு அனுமதிக் கடிதம் இருப்பவர் ஒருவழிச் சீட்டில் போவது வழக்கமானதே. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும், பெட்டிக்குள் அல்ல.

கேள்வி: ஓர்லியிலிருந்து அமெரிக்காவின் நியூவர்க்குக்கு மிக மலிவான ஒருவழிச் சீட்டைப் பார்த்தேன். அங்கே இறங்கி, பேருந்தில் மொன்றியாலுக்குப் போய்விட முடியாதா?
– ஒரு மாணவர், திரியோலே

பதில்: அமெரிக்க விசா இல்லாமல் முடியாது. அமெரிக்க மண்ணில் விமானம் மாறிச் செல்வதற்குக்கூட மொரீஷியஸ் குடிமக்களுக்கு விசா வேண்டும். கனடாவின் படிப்பு அனுமதி அதற்கு ஈடாகாது. பிளேசான்ஸில் உங்களை ஏற்றிக்கொண்டாலும், ஓர்லியில் நியூவர்க் விமானத்துக்கான முகப்பில் நிறுத்திவிடுவார்கள். விசாவுக்கான கட்டணம், நேர்காணல், காத்திருக்கும் நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பாரிஸிலிருந்து நேரே மொன்றியால் போகும் விமானமே உங்களுக்கு மலிவு.