யூக்கான் ஆற்றுக் கையேடு: கூகுள் படம் வேண்டாம்

வணக்கம். கனடாவில் ஒயிட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை யூக்கான் ஆற்றில் கனூவில் (துடுப்புப் படகில்) போகிறவர்களுக்குச் சொந்தச் செலவில் வரைபடக் கையேடு போடுவதாகவும், கூகுள் மேப்ஸ் படங்களைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்க்காதீர்கள். விற்கிற வழிகாட்டி நூலுக்கு அனுமதி கிடையாது. கனடா அரசின் நில வரைபடத் தரவு இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு விற்பனைக்கும் பயன்படுத்தலாம். நீங்கள் கனடாவிலேயே இருப்பதால் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கும் காசு இல்லை.

மெனக்கெட வேண்டியது பக்க அமைப்பில்தான். பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஆறு ஓடட்டும். படகில் இருப்பவருக்கு எதிரே தெரிவதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகும். இடக்கரை, வலக்கரை எல்லாம் நீரோட்டத் திசையைப் பார்த்தபடி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கார்மாக்ஸ் ஊரைத் தாண்டியதும் ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸ் என்ற வேகநீர்ப் பகுதியில் பாறைகள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன. போக வேண்டியது வலக்கரையை ஒட்டிய பிரிவு. அங்கே இடம் வலம் குழம்பினால் வம்பு. அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

அப்புறம் பைண்டிங். பசை போட்ட புத்தகம் மழைக்குத் தாங்காது, மடியில் விரித்தும் நிற்காது. நனையாத தாள், ஸ்பைரல். செலவு கூடும், சரி. முதலில் நூறு பிரதி போதும். சரளைத் திட்டுகள் இடம் மாறுகிற ஆறு அது, வரைபடம் பழசாகிவிடும். ஆயிரம் அடித்து வீட்டில் அடுக்காதீர்கள்.