நன்னீர் ஏன் போதவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீர் ஆவியாகி மழையாகத் திரும்புவதால் பூமியில் உள்ள நீரின் மொத்த அளவு மாறுவதில்லை என்று பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, நன்னீர்ப் பற்றாக்குறை ஆண்டுதோறும் பெருகுகிறது என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: இரண்டும் உண்மையே. மொத்த அளவு மாறாவிட்டாலும், அந்த நீர் எங்கே, எந்த வடிவில், எவ்வளவு வேகத்தில் நம் கைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அது பயன்படும். உலகிலுள்ள நீரில் ஏறத்தாழ 97.5 விழுக்காடு உப்புநீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. மீதியில் மிகப் பெரும்பகுதி நிலத்தடியில் இருக்கிறது. நாம் கண்ணால் காணும் ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்து மொத்த நன்னீரில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை.

சிக்கலின் மையம் நிலத்தடியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆற்றில் ஓடும் நீர் சில வாரங்களில் புதிதாகிவிடும். ஆனால் நீர்த்தாங்கிகள் எனப்படும், நீரைத் தேக்கிவைத்திருக்கும் நிலத்தடிப் பாறை, மணல் அடுக்குகளில் ஆழமானவை பலவற்றில் இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. சவூதி அரேபியா அத்தகைய தொன்மையான நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, ஒரு காலத்தில் ஏற்றுமதியும் செய்தது. நீர் வற்றத் தொடங்கியதும் 2008இல் அத்திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. நிலத்தடி நீர் கூடும்போதும் குறையும்போதும் புவியீர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களை 2002 முதல் அளந்துவந்த கிரேஸ் செயற்கைக்கோள்களின் தரவுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், உலகின் 37 பெரிய நீர்த்தாங்கிகளில் 21இல், ஊறி நிரம்பும் நீரைவிட வெளியேறும் நீரே அதிகம் என்று 2015இல் அறிவித்தனர். ஆறு வற்றினால் ஊரே பார்க்கும்; நிலத்தடி நீர் இறங்குவதோ கிணறு வறண்ட பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது என்பதே இதில் எனக்குப் பெருங்கவலை தருகிறது.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கினால் பற்றாக்குறை தீர்ந்துவிடாதா?

பதில்: கடலோர நகரங்களின் குடிநீர்த் தேவைக்கு அது உண்மையான உதவி, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கடல்நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது. எஞ்சும் அடர்த்தியான உப்புக்கரைசலையும் கடலுயிர்களுக்குக் கேடின்றி வெளியேற்றியாக வேண்டும். உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்கே செல்வதால், ஒரு கிலோ கோதுமை விளைய சராசரியாக ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படும் நிலையில், இந்த விலையில் வயல்களுக்குப் பாய்ச்சுவது பெரும்பாலான நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது.

கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதே இதைவிடக் கவனத்துக்குரியது. நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹோக், அவ்வாறு சுத்திகரித்த நீரை 1968 முதல் குடிநீர்க் குழாய்களிலேயே கலந்து வழங்கிவருகிறது. மக்களின் தயக்கம் இயல்பானதுதான். இடைவிடாத தரப் பரிசோதனையாலும் அதன் முடிவுகளை வெளிப்படையாக அறிவிப்பதாலும் அதைப் போக்க முடியும்.

கேள்வி: வீட்டில் சிக்கனமாக இருப்பதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018ஆம் ஆண்டு அணைகளின் நீர் வெகுவாகக் குறைந்தபோது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பை ஏற்று மக்கள் பயன்பாட்டைக் குறைத்தது, குழாய்களை அடியோடு மூடும் நாள் வராமல் தவிர்க்கப் பெரிதும் உதவியது. ஆயினும் உலக அளவில் வீடுகளுக்குச் செல்வது எடுக்கப்படும் நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே என்பதால், குழாயடியைவிட உணவுத் தட்டின் வழியாகவே நாம் அதிக நீரைச் செலவிடுகிறோம். வீணாகும் ஒவ்வொரு கவளத்தோடும் அதை விளைவித்த நீரும் வீணாகிறது.