கஜாவுக்கு வாங்கிய செயின்சா: கேள்வி பதில்

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தை அறுத்து அகற்ற எங்கள் பக்கம் அப்போது வாங்கிய செயின்சாக்களுக்குக் கணக்கில்லை. தோப்பு துப்புரவானதும், டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலோடு அவை பரணுக்குப் போயின. இன்று என் பட்டறைக்கு வருகிறவற்றில் நிறைய அந்த மெஷின்கள்தான். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகவே நல்ல இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

அண்ணே, கஜா சமயத்துல வாங்குன செயின்சா. நாலு வருஷமா எடுக்கல. கயிறு இழுத்து இழுத்துக் கைதான் வலிக்குது. கார்ப்பரேட்டரையே புதுசா மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா? (ஒரத்தநாடு)

அவசரப்படாதீங்க தம்பி. கார்ப்பரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் இன்ஜினில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், இருக்கிறது. கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கும். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். வழவழப்பாக இருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் செலவு பெரிது.

அடுத்தது பிளக். இவ்வளவு இழுத்தும் பிளக் காய்ந்திருக்கிறதா? பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருக்கிறதா? பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை அல்லது சோக் போட்டு மூழ்கடித்துவிட்டீர்கள். பொறியைச் சோதிக்கும்போது பிளக்கைச் சிலிண்டர் துளைக்குத் தள்ளி வையுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பற்றிக்கொள்ளும். பொறி இருந்தால் ஆயில் கலந்த பெட்ரோல் நாலைந்து சொட்டு துளைக்குள் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றால் சந்தோஷப்படுங்கள். இன்ஜினும், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும் நன்றாக இருக்கின்றன. கோளாறு டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில்தான்.

டேங்குக்குள் கிடக்கும் பில்டரையும் வெடித்துப்போன ரப்பர் குழாயையும் முதலில் மாற்றுங்கள். பிறகு கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் இரண்டு டயாப்ரம், அதாவது மெல்லிய சவ்வுகள். நாள்பட்ட பெட்ரோலில் அவை பழைய எக்ஸ்ரே பிலிம் மாதிரி விறைத்துவிடும். புதியது துணி மாதிரி தொய்வாக இருக்கும். டயாப்ரம் கிட் மட்டும் வாங்கினால் போதும், முழுக் கார்ப்பரேட்டர் விலையில் அது சின்னப் பங்குதான். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பேக்கிங் முதலில் வரும், மறுபக்கத்தில் டயாப்ரம் முதலில் வரும், மாற்றிப் போட்டால் ஓடாது. துளைகளில் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் மட்டும்தான்.

பெட்ரோல் லிட்டருக்கு எவ்வளவு 2டி ஆயில் கலக்கணும்? கொஞ்சம் தாராளமா ஊத்தினா இன்ஜினுக்கு நல்லதுதானே? (பேராவூரணி)

டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ 50:1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. பழைய மெஷின்கள் பலவும் இரண்டாவது வகை. அளவு குப்பியில் ஊற்றுங்கள், மூடிக்கணக்கு வேண்டாம். ஆயில் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலை அடைத்து இன்ஜின் மூச்சுத் திணறும். அதைவிட முக்கியம், ஆயில் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது.

ஆயில் அளவைவிட எனக்குக் கவலை பெட்ரோலின் வயது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும், ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் பில்டர் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆயிலே இல்லாத சரக்கு உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அதை மெஷினில் ஊற்றாதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள்.

பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் நின்னுடுது. ஆற வெச்சா மறுபடி ஓடுது.

நின்ற உடனே டேங்க் மூடியை லேசாகத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, மெஷினும் உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால், சூட்டோடு சூடாகப் பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வந்தால் காயில் மாற்ற வேண்டியதுதான். மாட்டும்போது காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி விடுங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்க மாட்டேங்குது. ஸ்குரூவைத் திருகிப் பார்த்தேன், ஒரு நாள் சரியா இருக்கு, மறுநாள் பழையபடி. (முத்துப்பேட்டை)

ஐயா, இந்த மெஷினை இனி ஓட்ட வேண்டாம். எங்கிருந்தோ வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. கிராங்க் ஆயில் சீல், கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட், இந்த இரண்டில் ஒன்று என்பது என் கணிப்பு. காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஸ்குரூவால் இதை மறைக்கலாம், தீர்க்க முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். முழு வேகத்தில் போகும் பெட்ரோலின் அளவை வைக்கும் கார்ப்பரேட்டர் 'எச்' ஸ்குரூவை இறுக்க இறுக்கச் சத்தம் கூர்மையாக ஏறியது, பலம் கூடிவிட்டது என்று நம்பிக் கொடுத்தனுப்பினேன். முதல் மரம் அறுத்து முடிவதற்குள் பிஸ்டன் கீறிவிட்டது. அந்த மனிதரின் அன்றைய கூலி போனது என்னால். அதிலிருந்து, சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது லேசாகக் கரகரப்பு இருக்கும்படிதான் வைக்கிறேன். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு தெளிந்துவிடும், அதுதான் சரியான இடம்.

செயின் ஒரு பக்கமாவே சாய்ஞ்சு அறுக்குது. தூளும் மாவு மாதிரி கொட்டுது. தென்னையும் பனையும் அறுக்கணும்.

மாவு கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. கூரான பல் சீவல் சீவலாகத் தள்ளும். ஒரு பக்கம் சாய்வது, இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லாததால். எந்தப் பல் மிகக் குட்டையோ அதை அளவாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அரத்தால் ராவிக் கொண்டுவாருங்கள். சின்ன மெஷின்களில் வரும் லோ புரொபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 அங்குலச் செயினுக்கு 4.8, பெரிய 3/8 அங்குலச் செயினுக்கு 5.2. சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்த வேண்டும்.

தென்னையின் வெளிவைரம் பல்லைச் சீக்கிரம் தின்னும். அதிலும் கீழே கிடந்து மண் ஒட்டிய மரமென்றால், மண்ணைச் சுரண்டிவிட்டு அறுங்கள். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள இரும்புத் தூள் பம்பைத் தேய்க்கும். பனை என்றால் அரத்தை எடுப்பதற்கு முன்னால் கலெக்டர் அனுமதியை வாங்குங்கள். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

இங்க நல்லா ஓடுற மெஷின், ஊட்டிக்குக் கொண்டுபோனா புகையா கக்குது. (மேட்டுப்பாளையம்)

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பெட்ரோல் விகிதம் கூடிவிடுகிறது. 'எச்' ஸ்குரூவை அங்கே கொஞ்சம் இறுக்கலாம். மலை இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்கே தளர்த்துங்கள். மறந்தால் மேலே சொன்ன பிஸ்டன் கதைதான்.

ஐயா, அப்பா பாவிச்ச மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப் இன்னும் கிடக்கு. பெற்றோலில ஸ்டார்ட் வருது, மண்ணெண்ணெய்க்கு மாத்தினா வெள்ளைப் புகையாத் தள்ளி நிண்டுடுது. (யாழ்ப்பாணம்)

அப்பாவின் மெஷினை வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். இன்ஜின் சூடேறுவதற்கு முன்னால் மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைப் புகை என்பது எரியாத மண்ணெண்ணெய். சிலிண்டர் நன்றாகச் சுடும்வரை பெட்ரோலிலேயே ஓடட்டும். நிறுத்தும்போதும் கடைசிச் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள், கிண்ணத்தில் பெட்ரோல் நின்றால்தான் மறுநாள் எழும்பும். ஆயிலையும் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஊற்றியதைவிட மட்டம் ஏறி, மோந்தால் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் உடனே மாற்றுங்கள். பொறிக்கான பிளாட்டினம் பாயிண்ட் பூத்திருந்தால் ஒரு துண்டு அட்டையை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தாலே பொறி வெளுக்கும்.

முன்னாடி இருக்கிற பிரேக் பிடி உடைஞ்சுபோச்சு. அறுக்கிறதுக்கு அது தேவையில்லையே, இல்லாம ஓட்டலாமா அண்ணே?

கூடாது தம்பி. செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், மெஷின் கண் சிமிட்டும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். தரையில் விழுந்த தென்னையை அறுக்கும்போது பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு மரத்தில் நுனி முட்டுவது சாதாரணமாக நடக்கும். அந்த நேரத்தில் செயினை நிறுத்துவது அந்தப் பிடி ஒன்றுதான். பழைய மாடலுக்குப் புதுசு கிடைக்கவில்லையென்றால், உடைத்த மெஷின்களிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கும் பெட்டியில் தேடிப் பார்ப்போம். அதுவரை அரிவாளும் கைரம்பமும் போதும்.