சிவப்பு மட்டும் ஏன் தடிக்கிறது?

கேள்வி: 6 ஆண்டுகளுக்கு முன் முன்கையில் ஒரு ரோஜாப்பூவை டாட்டூவாகக் குத்திக்கொண்டேன். இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு மாதங்களாக இதழ்களில் உள்ள சிவப்பு மட்டும் தடித்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கிறது. கறுப்புக் கோடுகள் முன்போலவே இருக்கின்றன. லேசர் மூலம் அழித்துவிடலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சிவப்பு முடியும் இடத்தில் தடிப்பும் முடிகிறது என்றால், அது பெரும்பாலும் மையினால் வந்த ஒவ்வாமைதான். டாட்டூ மைகளில் இவ்வகைத் தொல்லையை அதிகம் தருவதும் சிவப்பே. முற்காலத்தில் சிவப்பு மையில் பாதரசச் சேர்மம் இருந்ததால் பழியை அதன்மேல் போட்டோம். இன்று பெரும்பாலும் கரிமச் சாயங்களே பயன்பட்டாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை.

ஊசி மையைச் செலுத்துவது மேல்தோலில் அன்று, அதற்குக் கீழே உள்ள உள்தோலில். அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் இறக்கும்போது வெளியேறும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது. ஒரு பகுதி நிணநீர் வழியாக அக்குளில் உள்ள கணுக்களுக்குப் போய், அவற்றையும் நிறம் மாற்றிவிடுகிறது. ஆகவே புண் ஆறிவிட்டதாக நாம் நினைத்த பிறகும் உடல் அந்த மையோடு நாள்தோறும் உறவாடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பொறுமை சில மாதங்களிலும் உடையலாம், பல ஆண்டுகள் கழித்தும் உடையலாம்.

லேசருக்கு அவசரப்படாதீர்கள். லேசர் மையை நுண்துகள்களாக உடைத்துப் பரவச் செய்வதால், கையோடு நின்ற ஒவ்வாமை உடல் முழுவதும் தடிப்பாகக் கிளம்பக்கூடும். அரிதாக மூச்சுத்திணறல் வரையிலும் போகலாம். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சிறு துணுக்குத் தோலை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் தயங்க வேண்டாம், ஏனென்றால் நுரையீரலையும் தாக்கக்கூடிய சார்காய்டோசிஸ் என்னும் நோய் சிலருக்கு டாட்டூவின் மேல்தான் முதலில் தலைகாட்டுகிறது. ஒவ்வாமைதான் என்று உறுதியானால், வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்போ, தடிப்புக்குள்ளேயே போடும் ஊசியோ பெரும்பாலும் அரிப்பைத் தணிக்கும். அடங்காதவர்களுக்கு அந்தப் பகுதியை அறுவை செய்து நீக்க நேரிடும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: என் கண் முன்னால் புது ஊசியைப் பிரித்தால் தொற்று வராது என்று நம்பலாமா?

பதில்: புது ஊசி இருந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றின் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் மை? 2011-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் டாட்டூ குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் செம்பருக்கள் கிளம்பின. காரணம், சாம்பல் நிறத்துக்காக ஏற்கெனவே நீர் கலந்து விற்கப்பட்ட மை. திறக்காத புட்டியிலேயே மைக்கோபாக்டீரியம் செலோனே என்னும் கிருமி இருந்தது. இது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. பருக்கள் வெளிப்பட ஓரிரு வாரங்கள் ஆகும், வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாது, சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும். எனவே ஊசியைப் பார்ப்பதோடு, மை ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு கிண்ணத்தில் ஊற்றப்படுகிறதா, அதில் குழாய்த் தண்ணீர் கலக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாட்கள் வரை உயிர்வாழும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாட்டூ உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். மையில் இரும்புத் துகள்கள் இருந்தால் சிலருக்குச் சூடோ எரிச்சலோ தோன்றும் என்றாலும், டாட்டூ உள்ள 330 பேரைக் கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில் ஒரே ஒருவருக்குத்தான், அதுவும் லேசான எதிர்விளைவு ஏற்பட்டது. படம் எடுப்பவரிடம் டாட்டூ இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே இருக்கும்போது சூடு தெரிந்தால் கையில் கொடுத்திருக்கும் அழைப்பு பொத்தானை உடனே அழுத்துங்கள்.