டர்போமேல் பழி போடுவதற்கு முன்

கேள்வி: என்னுடையது டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக மேடு ஏறும்போது இழுவையே இல்லை, பின்னால் கறுப்பாகப் புகை. ஓவர்டேக் எடுக்கும்போது ஒருமுறை என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி 60-க்கு மேல் போகவே மறுத்துவிட்டது. ஓரங்கட்டி அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. ஸ்கேனரில் பி0299 என்று வந்தது. மெக்கானிக் டர்போவை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பி0299 என்றால் டர்போ போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஈ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இவ்வளவு பூஸ்ட் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) வேண்டும் என்று கேட்டது, வந்தது அதைவிடக் குறைவு, அந்தக் கோடு, அதாவது கோளாறு எண், சொல்வது இவ்வளவுதான். ஏன் குறைந்தது என்பது அதற்கே தெரியாது. டர்போ ஒழுங்காகக் காற்றை அழுத்தி அனுப்பி வழியில் எங்கோ ஓட்டை இருந்தாலும் இந்தக் கோடு வரும், டர்போவைச் சுழற்றவேண்டிய எக்ஸாஸ்ட் புகை அதற்கு முன்பே கசிந்தாலும் வரும், டர்போவுக்கு ஈ.சி.யு. போட்ட உத்தரவு போய்ச் சேராவிட்டாலும் வரும். அணைத்துப் போட்டதும் சரியானதும் அதிசயமில்லை. கேட்டதும் வந்ததும் பொருந்தவில்லை என்றதும் என்ஜினைக் காப்பாற்ற வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போனது; சாவியை அணைத்ததும் அந்தக் கட்டுப்பாடு விலகியது. கோளாறு அங்கேயேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் நல்ல துப்பு அந்தக் கறுப்புப் புகைதான். டீசல் போகிறது, அதை எரிக்கும் அளவுக்குக் காற்று சிலிண்டருக்குள் வரவில்லை. டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் புகை நீலம் கலந்து வரும், என்ஜின் ஆயிலும் குறைந்துகொண்டே போகும்.

அதனால் முதலில் என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடுவது) போகிற ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை, விரலை அடிப்பக்கம் விட்டுத் தடவுவதைச் சொல்கிறேன். இதில் நானே சூடு பட்டவன். பல வருடம் முன்பு என் வண்டியில் இதே தொல்லை வந்து, டர்போவைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, இரண்டு நாள் வேலை பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் இன்டர்கூலர் ஹோஸின் அடியில், கிளாம்புக்கு ஒட்டினாற்போல், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சும்மா இருக்கும்போது உதடு மூடின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து வளைத்தால்தான் வாய் திறந்தது. ஐடிலில் ஒரு சத்தமும் கிடையாது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் 'உஸ்ஸ்' என்று காற்று போயிருக்கிறது. அந்த இடத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டிக் கறுப்பாக இருந்ததை நான் முன்பே பார்த்தேன், அழுக்கு என்று நினைத்துத் துடைத்தும் விட்டேன்! குழாய்ப் பாதையில் அப்படி ஈரமான அழுக்கைப் பார்த்தால் துடைக்காமல் அங்கேயே தேடுங்கள்.

கையில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சருக்கு அடுத்துள்ள குழாயைக் கழற்றி, டர்போவின் வாயை வால்வு வைத்த மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து அரை பார் அளவுக்கு மெதுவாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரை எல்லா ஜாயின்ட்டிலும் தெளிக்கச் சொல்லுங்கள். குமிழி வருகிற இடம்தான் குற்றவாளி. இன்டர்கூலரில் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேருகிற மடிப்பை மறக்க வேண்டாம், பலர் அங்கே தெளிப்பதே இல்லை. ஆயில் ஊற்றும் மூடி வழியாகக் கொஞ்சம் காற்று வந்தால் பதறாதீர்கள், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகவும் திறந்திருக்கும் வால்வு வழியாகவும் அது போகும்.

அடுத்தது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் வெற்றிடம். இந்த மாதிரி டீசல் கார்களில் பெரும்பாலும் வி.ஜி.டி. டர்போதான், அதாவது டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும். பல வண்டிகளில் அவற்றை அசைப்பது வேக்குவத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர். வேக்குவம் கிடைத்தால் இதழ்கள் நெருங்கி எக்ஸாஸ்ட் வேகமாகப் பாயும், பூஸ்ட் ஏறும். கிடைக்காவிட்டால் இதழ்கள் விரிந்தே கிடக்கும், குறைந்த ஆர்.பி.எம்.மில் டர்போ சோம்பிக் கிடக்கும். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் போதும். ஒருவரை என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு ஆக்சுவேட்டரின் கம்பியைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் 'டக்'கென்று உள்ளே இழுக்க வேண்டும், அணைத்ததும் வெளியே வர வேண்டும். இழுக்கவில்லை என்றால் குழாய், சாலினாய்ட் வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் (ரப்பர் சவ்வு) மூன்றையும் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் வைத்துத் தனித்தனியாகச் சோதிக்கலாம். வேக்குவம் கொடுத்தும் கம்பி திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே கரி பிடித்து இதழ்கள் இறுகியிருக்கலாம். மெதுவாகவே ஓட்டப்படும் வண்டிகளில் இது சகஜம். எலக்ட்ரிக் மோட்டார் வைத்த ஆக்சுவேட்டர் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது, ஸ்கேனர் வழியாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனரைக் கோடு படிக்க மட்டும் வைத்துக்கொள்வது வீண். காலியான சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து (ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது), 3-வது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 3,500 வரை போகும்போது நான்கு எண்களைப் பதியச் சொல்லுங்கள்: கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், ஆக்சுவேட்டருக்குப் போன உத்தரவு, உள்ளே வரும் காற்றின் அளவு. கேட்டதே குறைவாக இருந்தால் டர்போவைத் தொடவே வேண்டாம், வேறு ஏதோ காரணத்துக்காக ஈ.சி.யு. தானே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டது அதிகம், வந்தது குறைவு, ஆனால் காற்றின் அளவு வழக்கம்போல அல்லது அதைவிடக் கூடுதல் என்றால், அளந்த காற்று டர்போவைத் தாண்டிய பிறகு வெளியே போகிறது, ஹோஸ் பக்கம் திரும்புங்கள். காற்றும் சேர்ந்து குறைந்தால் அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்டில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது), விரிந்தே நிற்கும் இதழ்கள், அடைத்துப்போன டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இவற்றில் ஒன்று. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்குகிற சத்தம் இருக்கிறதா என்று கவனியுங்கள், அந்த இடத்தில் கரிக்கோடும் தெரியும்.

இத்தனையும் சரி என்று ஆன பிறகு டர்போவுக்கு வரலாம்.

கேள்வி: என் பெட்ரோல் டர்போ காரில் மொபைல் ஆப் 1.6 பார் காட்டுகிறது. கேஜ் மாட்டியிருக்கும் நண்பர், 'உன் வண்டியில் 0.6 தான், அந்த ஆப் பொய் சொல்கிறது' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் ஒரே அழுத்தம்தான். இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சர் வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக் காற்றழுத்தத்தை அளக்கிறது, நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தமும் அதில் சேர்ந்துவிடும். கடல் மட்டத்தில் அது கிட்டத்தட்ட 1 பார். நண்பரின் கேஜ் அதைக் கழித்துவிட்டு டர்போ கூடுதலாகக் கொடுப்பதை மட்டும் காட்டுகிறது. இது புரியாமல் புத்தகத்தில் போட்டிருக்கும் 1.8-ஐயும் கேஜில் வரும் 0.8-ஐயும் பக்கத்தில் வைத்து, 'பூஸ்ட் பாதிகூட இல்லை' என்று வேலையை ஆரம்பித்துவிடுகிறவர்கள் உண்டு.

சென்சரையே சோதிக்க ஒரு வழி: என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து அளவைப் பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றைத்தான் காட்ட வேண்டும். தாழ்வான இடத்தில் 100 கிலோபாஸ்கல் (1 பார்) பக்கம் இருக்கும், 2,000 மீட்டர் உயரத்தில் 80-ஐ ஒட்டி. கடலோரத்தில் நின்றுகொண்டு 85 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. அதன் முனையில் எண்ணெயும் கரியும் அப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் டர்போ. பூஸ்ட் குறைவாக இருக்கிறது. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்னக் குழாய் லேசாகக் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். காரணம் அதுதானே?

பதில்: அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்றால் இல்லை, அது நேர் எதிர்த் தொல்லையைத் தரும். அங்கே அழுத்தம் வந்தால்தான் வேஸ்ட்கேட், அதாவது கூடுதல் எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு, திறக்கும். குழாய் கிழிந்தால் அழுத்தம் போகாது, கதவு திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும். முதலில் அதை மாற்றுங்கள், இப்போது வேறு ஓட்டை ஒன்று இதை மறைத்துக்கொண்டிருக்கலாம், அதை அடைத்த அன்றைக்கு பூஸ்ட் எகிறும். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது வேஸ்ட்கேட் கதவு முழுதாக மூடாமல் நிற்பதையும், ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயாஃபிரம் கிழிந்திருப்பதையும். ஆக்சுவேட்டர் கம்பியை இஷ்டத்துக்கு முறுக்கிக் குறுக்கிப் பூஸ்டை வரவைக்காதீர்கள், கோளாறு அங்கேயே இருக்க அதன் மேல் இன்னொன்றை ஏற்றுகிற வேலை அது.

கேள்வி: இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில். டர்போ ஷாஃப்ட்டும் கையில் ஆடுகிறது. முடிந்ததா கதை?

பதில்: மெல்லிய படலமாக ஆயில் இருப்பது சகஜம், பிரீதர் வழியாக வருவது. குழாயைச் சாய்த்தால் ஒழுகுகிறது என்றால் விஷயம் வேறு. ஷாஃப்ட் பக்கவாட்டில் துளி ஆடலாம், ஓடும்போது ஆயில் படலம்தான் அதைத் தாங்குகிறது, நிறுத்தியிருக்கும்போது அந்தப் படலம் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. கம்ப்ரஸர் இறக்கையின் நுனியைப் பாருங்கள். சுவரில் உரசிய பளபளப்பு இருந்தால் உங்கள் டர்போ உண்மையிலேயே போய்விட்டது. அப்படி மாற்றும்போது ஆயில் வரும் குழாயையும் மாற்றிவிடுங்கள், பழைய குழாயில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும். உடைந்த இறக்கைத் துண்டு ஏதாவது இன்டர்கூலரில் கிடக்கிறதா என்று உதறிப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.