தோல் கிழியாமல், முடி உதிராமல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மச்சான் கனடாவில் பண்ணை வேலை பார்க்கிறார். பனிக்காலத்தில் உரிமம் வாங்கிக் கயோட்டியும் (ஓநாய் போன்ற வட அமெரிக்க விலங்கு) செந்நரியும் சுடுகிறார். தோலில் பெரிய ஓட்டை விழுந்து விலை போக மாட்டேன் என்கிறதாம். சின்னக் குண்டாகப் போட்டால் சரியாகிவிடாதா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே போன குண்டு வெளியே வரக் கூடாது, அதுதான் கணக்கு. இந்த வேட்டைக்கு எடுக்கும் துப்பாக்கிகளில் குண்டு நுழையும் ஓட்டை பெரும்பாலும் சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. தோலைப் பாழாக்குவது வெளியேறும் பக்கம்தான். விரிந்த குண்டு எலும்புச் சில்லையும் தள்ளிக்கொண்டு வரும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்துவிடும்.

ஆகவே மெல்லிய செம்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் உள்ள குண்டு, அல்லது முனையில் குழி வைத்த குண்டு பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் போனதும் அது நொறுங்கி, வேகம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். கயோட்டி 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். அதற்கு .204 ரூகர் என்ற தோட்டா வகையில் 40 கிரெய்ன் குண்டு, .223 ரெமிங்டன் வகையில் 50 அல்லது 55 கிரெய்ன் குண்டு பொருத்தம் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெய்ன்). .204-இல் 32 கிரெய்ன் குண்டும் உண்டு. எடை 2 கிராம்தான், ஆனால் நொடிக்கு 1,280 மீட்டர் வேகத்தில் கிளம்பும். உள்ளே எளிதில் பொடியாகிவிடும். ஆனால் அந்தக் குணமே காலை வாரவும் செய்யும். முன்னங்கால் சப்பை எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, நுழைந்த பக்கமே பெரும் புண்ணாகிவிடும். விலங்கும் சாகாமல் வலியோடு ஓடும். 40 கிரெய்னை முதலில் சொன்னது அதனால்தான்.

எங்கே சுடுகிறார் என்பதும் குண்டின் அளவுக்குச் சமமான விஷயம். விலங்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், குறி சப்பைக்குச் சற்றுப் பின்னால் விலாவில் இருக்க வேண்டும். சாய்ந்து நிற்கும்போது சுட்டால் குண்டு விலாவை உரசி நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகும்.

செந்நரிக்கு நெஞ்சு ஒல்லி. .22-250 போன்ற வேகத் தோட்டா அதற்கு மிகை. நூறு மீட்டருக்குள் என்றால் .17 எச்.எம்.ஆர். என்ற சிறு தோட்டா போதும். 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம் குண்டு, நொடிக்கு 775 மீட்டர் வேகம். காற்றடிக்கும் நாளில் அது எளிதில் விலகும். கயோட்டிக்கு அதைத் தொடவே வேண்டாம்.

முழு உறைக் குண்டு (முனை வரை உலோக உறை மூடியது) ஊசிபோல் துளைத்துப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். .223-இன் வேகத்தில் அது உள்ளே புரண்டு குறுக்காக வெளியேறலாம், உடையவும் செய்யலாம். புரளாமல் நேராகப் போய்விட்டாலோ, காயம்பட்ட விலங்கு எங்கோ புதரில் கிடந்து துடித்துச் சாகும். தோலைக் காப்பாற்ற இந்த வழியை நாங்கள் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டோம்.

ரத்தம் பட்ட முடியை உடனே குளிர்ந்த நீரில் அலசச் சொல்லுங்கள். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பக்கம் கரட்டில் நரியும் காட்டு முயலும் உண்டு. ஏர் கன்னால் சுட்டுத் தோல் எடுக்கலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம், தோலை வைத்திருப்பதும் குற்றம். எதைக் கொண்டு கொன்றாலும் இதுதான். தோல் வேண்டுமென்றால் பண்ணை முயல் இருக்கிறது. அது வேறு இனம்.

கேள்வி: சோவியத் சின்சில்லா முயல் வளர்க்கிறேன். கறிக்கு அறுக்கும்போது தோல் கிழிகிறது. கிழியாமல் தப்பிய தோலிலும் இரண்டு நாளில் முடி கொத்தாக வருகிறது. (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு.

கிழிவதற்குக் காரணம் கத்தி. உடல் சூடாக இருக்கும்போதே பின்னங்கால் இரண்டையும் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கணுக்காலைச் சுற்றி வளையமாக ஒரு கீறல், அங்கிருந்து உள்தொடை வழியாக மலவாய் வரை ஒரு கீறல், அவ்வளவுதான். பிறகு சட்டையைக் கழற்றுவதுபோல் இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுங்கள். வால், காது, கண் தவிர வேறெங்கும் கத்தி வேண்டாம். வயிற்றுத் தோல் காகிதம்போல் இருக்கும், அங்கே மட்டும் விரலை உள்ளே விட்டு மெதுவாகப் பிரியுங்கள். ஆறிப்போன முயலில் தோல் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் கத்தியைத் தேட வேண்டிவரும்.

முடி கொட்டுவது அழுகல். நம் சித்திரை வெயிலில் உரித்த தோல் ஓரிரு மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். கொழுப்பையும் சதையையும் சுரண்டிவிட்டு, வயிற்றுப் பக்கம் நெடுகக் கீறி விரித்து, தோலின் எடையில் பாதி அளவு பொடி உப்பை உள்பக்கம் தேயுங்கள். ஓரம், காதுமடி, கால் மடிப்பு எதுவும் விடுபடக் கூடாது, கெடுதல் அங்கேதான் தொடங்கும். கல்லுப்பை அப்படியே போட்டால் இடைவெளி விழும், இடித்துப் போடுங்கள். சற்றே சாய்வான பலகையில் பரப்பினால் நீர் வடியும். மறுநாள் ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு தேயுங்கள். உதறிய உப்பை மறுபடி பயன்படுத்தினால் உப்பிலேயே வாழும் பாக்டீரியா சிவப்புத் திட்டாகப் படரும். காய வைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் மீந்த கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கி அதை உடைய வைக்கும்.

இன்னொன்று பாருங்கள். உரித்த தோலின் உள்பக்கம் கருநீலத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் முடி இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தோல் நல்ல ரகத்தில் சேராது. வெள்ளை முயலில் இந்த அடையாளம் தெரியாது. கறிக்காக இரண்டு, மூன்று மாதத்தில் அறுப்பதன் தோல் மெல்லியது. தோலும் வேண்டுமென்றால் ஐந்தாறு மாதம் வளர விடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே பதனிட முடியுமா? (திருமங்கலம் வாசகி)

பதில்: படிகாரத்தால் முடியும். 4 லிட்டர் நீரில் 450 கிராம் படிகாரம் கரையுங்கள். வேறொரு வாளியில் 2 லிட்டர் நீர், 110 கிராம் சலவை சோடா, 225 கிராம் உப்பு. இரண்டாவதை முதலாவதில் மெல்லிய தாரையாகக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். கொட்டினால் பொங்கித் திரிந்துவிடும். பிளாஸ்டிக் வாளியே நல்லது. உப்பு போக அலசிய தோலை இரண்டு முதல் ஐந்து நாள் ஊறவிட்டு, தினமும் புரட்டுங்கள். கழுத்தோரம் சின்னதாக வெட்டிப் பார்த்தால், வெட்டுவாயில் முழுக்க வெள்ளையாக இருந்தால் தயார். பாதி காய்ந்த பதத்தில் நாற்காலி முதுகில் போட்டு இழுத்து இழுத்துத் தேய்க்காவிட்டால் அப்பளம்போல் விறைத்துவிடும். இந்தத் தோலைத் துவைக்கக் கூடாது, தண்ணீர் பட்டால் படிகாரம் வெளியேறித் தோல் மறுபடி பதனிடாத பச்சைத் தோலாகிவிடும்.